ஹெல்மெட்டுக்கு வெச்ச பொட்டு

ஜன்னலை மூடாதீங்க சார், புண்ணியமாப் போகும். எனக்குக் காத்து வேணும். ரெண்டு நாளா நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு. டாக்டரா? டாக்டர் என்ன பண்ணுவாரு? இது ஊசிக்கு அடங்கற வியாதி இல்ல, அதான் பஸ் ஏறிட்டேன். திருத்தணிக்குப் போறேன். மொட்டை போட. ஆமா, அம்பத்தேழு வயசுல. என் பொண்ணு கல்யாணம் தள்ளித் தள்ளிப் போனப்பகூட நான் முடி குடுக்கறேன்னு வேண்டிக்கிட்டது கிடையாது. இது எனக்கும் இல்ல, எங்க வீட்டு ஆளுங்களுக்கும் இல்ல. ஒரு குடகுக்காரருக்கு. நான் அவருக்காக மொட்டை போடறேன்னு அவருக்கே தெரியாது.

சொன்னா நம்ப மாட்டீங்க, நான் கோழி சுடறவன்.

சிரிங்க சிரிங்க. எல்லாரும் சிரிக்கிறதுதான். எங்க சம்பந்தி சபையில வெச்சே சிரிச்சாரு. பெங்களூர்ல ஒரு ஆய்வுக்கூடம். பேரைக் கேக்காதீங்க, சொல்லக் கூடாது. முப்பத்தோரு வருஷ சர்வீஸ். சண்டை விமானம் இருக்கு இல்ல, அதுல பைலட் தலைக்கு மேல ஒரு கண்ணாடிக் கூடு இருக்கும். கேனபின்னு சொல்லுவோம். தாழப் பறக்கறப்ப ஒரு பருந்து குறுக்க வந்துச்சுன்னு வைங்க, அந்த வேகத்துல அது பருந்து இல்ல சார், பாறாங்கல்லு. அதைக் கண்ணாடி தாங்குமான்னு தரையிலேயே சோதிச்சுப் பாக்கணும். அதுக்கு நீளமா ஒரு காத்து பீரங்கி இருக்கு. கோழியைத் துணிப் பையில கட்டி அதுக்குள்ள போட்டு, கேனபியைப் பாத்து சுடறது. அதான் நம்ம வேலை. ஐஸ் கோழியைச் சுடுவீங்களான்னு மட்டும் கேட்டுறாதீங்க! முப்பத்தோரு வருஷமா அதையே கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. அன்னைக்கு அறுத்த கோழி. எடை பாத்துத்தான் வாங்குவோம்.

சுட்டு முடிச்சதும் மொதல்ல போய் கேனபியைத் திறக்கறது யாரு? இந்தத் தணிகாசலம்தான். மத்தவங்க எல்லாம் கதவுக்குப் பின்னாடி நிப்பாங்க. நான் திறந்து, உள்ள பாத்து, "கீறல் இல்ல"ன்னா இல்ல. "இருக்கு"ன்னா இருக்கு. டைரக்டரே சொல்லுவாரு, தணிகாசலம் பாத்தா பாத்ததுதான்னு. அந்தப் பேரை வாங்கறது லேசுப்பட்ட காரியம்னு நினைக்காதீங்க.

இந்த வருஷம் புது ஹெல்மெட்டு வந்துச்சு. அதான் சனியன். பழைய ஹெல்மெட்டு சின்னது. இது பூசணிக்காய் மாதிரி இருக்கு. உள்ளயே டி.வி. மாதிரி ஒண்ணு வெச்சிருக்கான், பைலட் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணு முன்னாடி எழுத்தா ஓடும். நல்லதுதான், வேணாங்கல. ஆனா பழைய ஹெல்மெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல நாலு விரல் போகும். புதுசுக்கு ரெண்டு விரல்தான். உயரமான ஆளு உக்காந்தா அதுகூட இல்ல.

அதனால என்னங்கறீங்களா? நானும் அப்படித்தான் கேட்டேன். எஸ்தர் மேடம்தான் எனக்கு விளக்கினாங்க. மார்த்தாண்டத்துக்காரங்க, விஞ்ஞானி, எங்க பெரிய பொண்ணு வயசு. என்னை "தணி அண்ணே"ன்னுதான் கூப்பிடுவாங்க. "அண்ணே, கண்ணாடி உடையலைன்னு சந்தோஷப்படறோம். ஆனா அது உடையாமலே உள்பக்கமா வளையுது. அடிபட்ட எடத்துல குழி விழுந்து, அந்தக் குழி அப்படியே பின்னாடி ஓடுது. கண்ணைச் சிமிட்டறதுக்குள்ள பழையபடி நிமிந்துடுது. புது ஹெல்மெட்டோட உக்காந்திருந்தா அது தலையில இடிச்சிருமோன்னு எனக்குச் சந்தேகம்." அந்த வேகத்துல இடிச்சா கழுத்து நிக்காது சார். கண்ணாடி முழுசா இருக்கும், ஆளு இருக்க மாட்டாரு.

கேமராவுல தெரியாதாங்கறீங்களா? கோழி கண்ணாடி பூரா அப்பிக்கும், உள்ள ஒரே இருட்டாயிரும், கேமராவுல ஒரு மண்ணும் தெரியாது. அதுக்கு மேடம் ஒரு வழி பண்ணாங்க. பொம்மையை உக்கார வெச்சு, புது ஹெல்மெட்டை மாட்டி, உச்சியில நீலச் சாந்து பூசிடறது. சுட்டதுக்கு அப்புறம் கண்ணாடி உள்பக்கம் நீலம் ஒட்டியிருந்தா இடிச்சிருக்கு. ஒட்டலைன்னா இடிக்கல. பச்சைக் குழந்தைக்கும் புரியும். பொம்மையைப் பொன்னப்பா சார் உயரத்துக்கு உக்கார வெச்சோம். அவருதான் அந்தக் குடகுக்காரர். பைலட்டு. இருக்கறதுலயே உயரமானவரு. புது ஹெல்மெட்டோட மொதல்ல தாழப் பறக்கப் போறதும் அவருதான்.

டெஸ்ட்டு எந்த நாள்ல வந்துச்சு தெரியுமா? ஆபீஸ்ல ஆயுத பூஜை போட்ட அன்னைக்கு. காலைல பூஜை, மதியானம் டெஸ்ட்டு. நான் வேணும்னு பண்ணேனா? தேதி குறிச்சது மேல இருக்கறவங்க.

பூஜைன்னா எங்க பீரங்கிக்குப் பொட்டு வைப்போம், காத்து டாங்கிக்கு வைப்போம், எலுமிச்சம்பழம் நசுக்குவோம். ஆனா டெஸ்ட்டு சாமான் மேல மட்டும் பொட்டு வைக்கக் கூடாதுன்னு ஒரு சர்க்குலர் போட்டிருக்காங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி எவனோ ஒருத்தன் சந்தனத்தைக் கொண்டுபோய் வால்வுல அப்பிட்டான், அது அடைச்சுக்கிச்சு. அதுக்கு எனக்கு மெமோ. நான் வைக்கவே இல்ல சார் அதை! அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கல.

சரி, சர்க்குலர் இருக்கட்டும். மனசு கேக்குதா? பொன்னப்பா சார் தலையில மாட்டப் போற சாமான். அதை வெறுமனே விடறதா? நல்லா குழைச்ச சந்தனத்தை உச்சியில கட்டியா வெச்சு, அது மேல குங்குமம் வெச்சேன். யாரும் பாக்கல. பொம்மை உசரத்துல உக்காந்திருக்கு, எஸ்தர் மேடம் குள்ளம், உச்சி அவங்க கண்ணுக்குத் தெரியாது. முருகா, இந்த ஆளைக் காப்பாத்துன்னு சொல்லித்தான் வெச்சேன். இதுல என்ன தப்பு? நீங்களே சொல்லுங்க.

அப்புறம் நீலம் பூசினேன். பொட்டு மேல எப்படிப் பூசறது? சாமி பேரைச் சொல்லி வெச்ச பொட்டு மேல நீலச் சாந்தை அப்ப உங்களுக்கு மனசு வருமா? சுத்திப் பூசினேன். பொட்டை விட்டுட்டு அழகா வட்டமாப் பூசினேன்.

சுட்டோம். ஒரே வெடி. கட்டடமே அதிர்ந்துச்சு. நான் போனேன். கண்ணாடி ஒடையல. மேல தண்ணி அடிச்சுக் கழுவிட்டுத் திறந்தேன். உள்பக்கம் பாத்தேன். நீலம் இல்ல. ஒரு சொட்டு நீலம் இல்ல சார். ஆனா ஒரு எடத்துல மஞ்சளும் சிவப்புமா எட்டணா அகலத்துக்கு ஒட்டியிருந்துச்சு.

எனக்கு மொதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? ஐயையோ, மெமோ. போட்டோ எடுக்கறவன் வந்துக்கிட்டிருக்கான். சந்தனத்தை டைரக்டர் பாத்தா தொலைஞ்சேன். இடுப்புல சொருகியிருந்த வேஸ்ட் துணியை எடுத்து ஒரே துடை. பளிச்சுன்னு ஆயிருச்சு. துடைச்சுட்டுத் திரும்பறேன், எஸ்தர் மேடம் என் கையில இருந்த துணியைப் பாத்துக்கிட்டு நிக்கறாங்க. "என்ன அண்ணே சிவப்பா? கோழி ரத்தம் உள்ள வந்திருச்சா?"ன்னாங்க. "இல்ல மேடம், குங்குமம். காலைல பூஜை"ன்னேன். பொய்யா? குங்குமம்தானே! அவங்க பாவம் கிறிஸ்டியன், நம்ம பூஜை விஷயத்துல வாயே திறக்க மாட்டாங்க. மத்தவங்க மனசு புண்படக் கூடாதுன்னு நினைக்கற ஆளு. குரலைத் தாழ்த்தி, "சரி அண்ணே, டைரக்டர் பாக்கறதுக்குள்ள நல்லாத் துடைச்சிருங்க"ன்னாங்க. எனக்காக. என்னைக் காப்பாத்த.

அவங்களாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லியா சார்? "கண்ணாடிக்கு உள்பக்கம் எதுக்கு அண்ணே பொட்டு வெச்சீங்க?"ன்னு கேட்டிருந்தா, அந்த இடத்துலயே எனக்கு உறைச்சிருக்கும். நான் உள்பக்கம் வைக்கவே இல்லியே! படிச்சவங்க, விஞ்ஞானி, கேக்க வேணாமா? ரிப்போர்ட்டுல எழுதினாங்க, இடிக்கலைன்னு. பாத்தவர்னு என் கையெழுத்து. போட்டேன். தணிகாசலம் பாத்தா பாத்ததுதான்.

மூணு வாரம் நிம்மதியாத்தான் இருந்தேன். அப்புறம் ஹெல்மெட்டை ஸ்டோருக்குத் திருப்பிக் குடுக்கணும்னு எடுத்து வெச்சேன். பாக்கறேன், நான் கட்டியா வெச்ச பொட்டு தோசை மாதிரி தட்டையா நசுங்கிக் கிடக்கு. சுத்தி பூசின நீலம் பூசினது பூசினபடி இருக்கு. நடுவுல பொட்டு மட்டும் நசுங்கியிருக்கு. அப்பத்தான் சார் எனக்கு உறைச்சுது. கண்ணாடியில இருந்த சிவப்பு நான் வெச்சது இல்ல. கண்ணாடி கீழ வந்து எடுத்துக்கிட்டுப் போனது.

இருங்க, இன்னும் இருக்கு. என்ன பண்ணேன்னா, குழாயைத் திறந்து கழுவிட்டேன். ஏன்னு கேக்காதீங்க. சாமி சத்தியமா, நான் யோசிக்கல. கை தானா போயிருச்சு. கட்டை விரலை வெச்சுத் தேய்க்கறேன், பொட்டு இருந்த இடத்துல முடி மாதிரி ஒரு விரிசல் தட்டுப்படுது. பட்டும் படாமலும் இடிக்கல சார். விரிசல் விடற மாதிரி இடிச்சிருக்கு. தொடைச்சு, பைக்குள்ள போட்டு, ஸ்டோர்ல குடுத்துட்டேன். மூணாவது ரேக்குல இருக்கு. யாரு பாக்கப் போறாங்க?

அன்னையிலேர்ந்து நான் தூங்கல. சும்மா இருந்தேன்னு நினைக்காதீங்க. என்னென்னமோ பண்ணிட்டேன். மேடம்கிட்ட போய், "அன்னைக்குக் கோழி எடை கம்மியா இருந்த மாதிரி இருக்கு, இன்னொரு தடவை சுட்டுப் பாத்துரலாமா?"ன்னேன். அவங்க ரிஜிஸ்டரைப் பாத்துட்டு, சரியாத்தான் இருக்கு அண்ணேன்னாங்க. காத்து அழுத்தம் காட்டற முள்ளு ரிப்பேர்னு சொன்னேன். ஆளைக் கூட்டி வந்து சோதிச்சாங்க, முள்ளு சரியா இருக்கு. கெட்ட கனா கண்டேன்னு சொன்னேன். "உடம்பைப் பாத்துக்கோங்க, லீவு போடுங்க"ன்னாங்க. அவ்வளவு நல்லவங்க. பேர் போடாம ஒரு லெட்டர் எழுதினேன், இங்கிலீஷ்ல, "பறவை விஷயத்தில் கவனம் தேவை"ன்னு. யாரும் சீண்டல.

விமான தளத்துக்குப் பக்கத்துல ஒரு குப்பை மேடு இருக்கு. கறிக்கடைக் கழிவெல்லாம் அங்கதான் கொட்டறாங்க. பருந்துங்க கூட்டம் கூட்டமா சுத்துது. முனிசிபாலிட்டிக்குப் பெட்டிஷன் போட்டேன். போன வாரம் நானே பட்டாசுக் கட்டு வாங்கிக்கிட்டுப் போனேன் சார். அந்த நாத்தத்துல நின்னு ஒவ்வொண்ணா கொளுத்தி வீசினேன். பருந்து மேல எழும்பும், ஒரு சுத்து சுத்தும், திரும்ப வந்து உக்காந்துரும். மதியம் வரைக்கும் நின்னேன். போலீஸ்காரன் வந்து, "ஏன்யா, உனக்கு மூளை பிசகிப் போச்சா?"ன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனான். நான் அழுதுட்டேன். குப்பை மேட்டுல நின்னு ஓன்னு அழுதேன்.

இதுக்கு மேல ஒரு மனுசன் என்ன பண்ண முடியும்? சொல்லுங்க.

என்னது? உண்மையைச் சொல்றதா?

நல்லாச் சொன்னீங்க. சுலபமாச் சொல்லிட்டீங்க. நீங்க ஈ.பி.யில வேலைன்னு சொன்னீங்க இல்ல, லைன்மேன் கம்பத்துல ஏறப் போறப்ப கரண்ட்டை ஆஃப் பண்ணிட்டேன்னு கீழ இருக்கறவன் சொல்லணும், அந்தச் சொல்லை நம்பித்தான் அவன் கை வைப்பான்னு. தெரியும் சார். ஏன் சத்தம் போடறீங்க? நாலு பேரு திரும்பிப் பாக்கறாங்க. நான் ஆஃப் பண்ணாம ஆஃப்னு சொன்ன ஆளுன்னு சொல்றீங்க, அதானே? நான் அப்படிப்பட்டவன் இல்ல. அந்தப் பைலட்டுக்கு நல்லது நினைச்சுப் பொட்டு வெச்சவன் நான். அந்த ஆபீஸ்ல வேற எவன் வெச்சான்? ஒருத்தனைக் காட்டுங்க பாப்போம்.

நான் சொன்னா எஸ்தர் மேடம் என்ன ஆவாங்க? துடைக்கச் சொன்னது அவங்களாச்சே. அவங்க வேலைக்கே உலை வைக்கறதா? அந்தப் பொண்ணு மூஞ்சியை நினைச்சுத்தான் சார் நான் வாயை மூடிக்கிட்டு இருக்கேன். எனக்காக இல்ல.

நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்குப் பறக்கறாரு. பொன்னப்பா சார். ரெண்டு பொண் குழந்தைங்க. ஆயுத பூஜைக்கு அதுங்களையும் கூட்டிக்கிட்டு வந்திருந்தாரு, பாவாடை கட்டிக்கிட்டுப் பொரியை வாரி வாரித் தின்னுச்சுங்க. அதுக்குத்தான் மொட்டை. ஒம்பது மணிக்கு முன்னாடி முடியை எறக்கி, அவர் பேர்ல அர்ச்சனை பண்ணி, மலை மேல நின்னுருவேன். முருகன் பாத்துக்குவான்.

இருங்க, போன் அடிக்குது. ஐயோ. எஸ்தர் மேடம்.

வணக்கம் மேடம். ஆமா, பஸ்லதான் இருக்கேன். சோளிங்கர் வரப் போவுது. இல்ல, உடம்புக்கு ஒண்ணும் இல்ல, வேண்டுதல்... ம். ம். யாரு? பொன்னப்பா சாரா? பக்கத்துல இருக்காரா? எதுக்கு மேடம், என்கிட்ட எதுக்கு... சரி. குடுங்க.

சார், நமஸ்காரம் சார். நல்லா இருக்கேன் சார். ஆமா சார். ஆமா, நான்தான் திறந்தேன். என் கையாலதான். ... பாத்தேன் சார். ... நீலம் இல்ல சார். ஒரு சொட்டு நீலம் கூட இல்ல. ... சந்தேகமா? இல்ல சார். எனக்கு என்ன சந்தேகம்... திருத்தணிக்குப் போறேன் சார். உங்க பேருக்கு அர்ச்சனை. நட்சத்திரம் என்ன சார்? ... உத்திரட்டாதி. சரி சார். நல்லபடியா... நல்லபடியா போயிட்டு வாங்க சார்.

வெச்சுட்டாரு.

சூலூர் விமான தளத்துல இருந்தவரு, தமிழ் தப்புத் தப்பாப் பேசுவாரு. என்ன கேட்டாரு தெரியுமா? "மேடம் மனசுல ஒரு சின்ன பயம் இருக்கு, பேப்பர் எல்லாம் சரியா இருக்குது. ஆனா நான் பேப்பரை நம்பல தணி, உன் கண்ணை நம்புறேன். நீ ஒரு சொல்லு சொல்லு, நான் போறேன்"னாரு.

அப்படிப் பாக்காதீங்க சார். நான் பொய் ஒண்ணும் சொல்லலியே. நீலம் இல்லைன்னேன். நீலம் இல்லதானே?

பண்றேன், பண்றேன், திரும்பப் பண்றேன். அதுக்கு ஏன் என் கையைப் பிடிக்கறீங்க? இதோ, போடறேன் பாருங்க. ... ஸ்விட்ச் ஆஃப். பாத்தீங்களா? மேடம் உள்ள போயிட்டாங்க. கேட்டுல போனை வாங்கி வெச்சுக்குவாங்க, உள்ள கொண்டுபோக விட மாட்டாங்க. பேசறதுக்குன்னே வெளிய வந்திருக்காங்க. அவருக்கும் அதே கதைதான். ரெண்டு பேரும் ரெண்டு நிமிஷம் லைன்ல இருந்திருக்கக் கூடாதா? நான் சொல்லத்தான் வாயெடுத்தேன், அவரு வெச்சுட்டாரு. எல்லாருக்கும் அவசரம். என்னை மாதிரி ஆளு பேசறதைக் கேக்க யாருக்குப் பொறுமை இருக்கு?

ஆபீஸ் நம்பரா? இருக்கு, எனக்கு மனப்பாடம். ஆனா டைரக்டரோட பி.ஏ. எடுப்பான். மெமோ அடிச்சவனே அவன்தான். அவன்கிட்ட போய், நான் பொட்டு வெச்சேன், துடைச்சேன், கழுவினேன்னு சொல்றதா? சாயங்காலத்துக்குள்ள காண்டீன் வரைக்கும் நாறிரும். முப்பத்தோரு வருஷம் சார். ஒரு பேரு இருக்கு எனக்கு.

என்ன பண்றீங்க? உக்காருங்க. கண்டக்டரை எதுக்குக் கூப்பிடறீங்க?

எறங்கறதா? இங்கியா? ஆமா, எதுத்தாப்புல வேலூர் வண்டி நிக்குது, தெரியுது. மணி பதினொண்ணுதான், அதுவும் தெரியுது. வேலூர் போய் பெங்களூர் வண்டி பிடிச்சா சாயங்காலம் அஞ்சுக்கெல்லாம் கேட்டுல நிப்பேன். அவங்க வெளிய வர்ற நேரம். மூஞ்சியைப் பாத்தே சொல்லலாம். மூணாவது ரேக்குல ஹெல்மெட்டு இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அதெல்லாம் எனக்குத் தெரியாதுன்னா நினைக்கறீங்க? நேத்தியிலேர்ந்து இதைத்தான் கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கேன்.

ஆனா மொட்டை வேண்டிக்கிட்டேனே. சாமிகிட்ட சொன்ன சொல்லு சார். அதை மாத்தினா அதுவே தோஷமாயிரும். அப்புறம் அவருக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பாவம் என் தலையில வந்து விடியாதா?

என் பையைக் குடுங்க. குடுங்க சார். நான் எறங்கறப்ப எறங்குவேன், நீங்க யாரு? விடுங்க.

இல்லண்ணே. கண்டக்டரண்ணே, இவரு தெரியாம நிறுத்திட்டாரு. யாரும் எறங்கல. நீங்க எடுக்கச் சொல்லுங்க.